ரத்தம் தேறும், நரம்பு தேறாது

ரத்தப் பரிசோதனை முடிவு என்று கையில் கிடைக்கும் தாளில் பெரும்பாலானோர் பார்ப்பது ஒரே ஒரு வரியைத்தான்: ஹீமோகுளோபின். 12-க்குக் கீழே இருந்தால் 'ரத்தம் கம்மி'. 7-க்குக் கீழே போய்விட்டால் 'ரத்தம் ஏத்தணும்'. வெளிநோயாளிப் பிரிவின் நெரிசலில் மருத்துவரும் சில சமயம் அந்த வரியோடு நின்றுவிடுகிறார். அதே தாளில் சில வரிகள் தள்ளி எம்.சி.வி. என்று இன்னோர் எண் இருக்கும். சிவப்பணுவின் சராசரிப் பருமன் அது. ஃபெம்டோலிட்டரில் சொல்வார்கள், 80 முதல் 100 வரை இயல்பு. ரத்தம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை ஹீமோகுளோபின் சொல்கிறது. ஏன் குறைந்தது என்று எந்தப் பக்கம் தேடவேண்டும் என்பதை எம்.சி.வி. சொல்கிறது. அது 68 என்று வந்தால் இரும்புச்சத்துக் குறைவு, தலசீமியாக் கூறு என்று ஒரு பக்கம் தேடவேண்டும். 118 என்று வந்தால் பாதையே வேறு. அந்த இரண்டாவது பாதையைப் பற்றியது இந்தக் கட்டுரை.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்த சோகை இருக்கிறது; இந்திய அளவில் 57 விழுக்காடு. விரல் நுனியைக் குத்தி எடுத்த சொட்டு ரத்தத்தில் ஹீமோகுளோபினை மட்டும் அளந்து போட்ட கணக்கு இது. காரணத்தை அது கேட்கவில்லை. 2016–18-இல் குழந்தைகளிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் நடத்தப்பட்ட முழுமையான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு அதைக் கேட்டது. 10 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களில் 31 விழுக்காட்டினருக்கு வைட்டமின் பி12 குறைவு. 37 விழுக்காட்டினருக்கு ஃபோலேட் குறைவு. இவ்வளவு தெரிந்த பின்னும், ரத்த சோகை என்றதும் மருந்துச் சீட்டு எழுதும் கை இரும்பு மாத்திரையை நோக்கித்தான் போகிறது. இரும்பு குறைந்தவர்கள் நாட்டில் மிகுதி என்பதால் பல நேரம் அது சரியாகவும் அமைந்துவிடுகிறது. தவறிப்போகும் இடங்களில் என்ன நேர்கிறது என்பதுதான் கேள்வி.

எலும்பு மஜ்ஜையில் ஒவ்வொரு நொடியும் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்கள் பிறக்கின்றன. அவ்வளவு வேகமாகச் செல் பிரிய வேண்டுமானால் டி.என்.ஏ. அதே வேகத்தில் படியெடுக்கப்பட வேண்டும். அதற்கான மூலப்பொருளில் ஒன்றான தைமிடினை ஆக்குவதற்கு ஃபோலேட் வேண்டும். ஃபோலேட்டைப் பயன்படும் வடிவில் வைத்திருப்பதற்கு பி12 வேண்டும். இரண்டில் எது குறைந்தாலும் உட்கரு முதிராமல் தேங்கிவிடும். ஆனால் செல்லின் மற்ற பகுதி வளர்ந்துகொண்டே போகும். பிரியவேண்டிய நேரத்தில் பிரியாமல் பருத்துப்போன அந்தச் செல்களில் பெரும்பாலானவை மஜ்ஜையை விட்டு வெளியேறும் முன்பே சாகின்றன. பிழைத்து வெளியே வருபவை பெரியதாகவும் முட்டை வடிவமாகவும் இருக்கும். மெகலோபிளாஸ்டிக் ரத்த சோகை என்று மருத்துவம் சொல்வது இதைத்தான்.

இதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கண்ணாடிச் சில்லில் ஒரு துளி ரத்தத்தை இழுத்துப் பூசி, சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழே வைத்தால் போதும். பெருத்த முட்டைவடிவச் சிவப்பணுக்கள் தெரியும். கூடவே நியூட்ரோபில் என்னும் வெள்ளையணுவின் உட்கருவையும் பார்க்கவேண்டும். இயல்பாக அது மூன்று நான்கு மடல்களாகப் பிரிந்திருக்கும். ஆறு மடல் கொண்ட ஒன்றே ஒன்று கண்ணில் பட்டாலும், ஐந்து மடல் கொண்டவை நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இருந்தாலும் சந்தேகம் உறுதிப்படத் தொடங்கும். தானியங்கி எண்ணிகள் வந்தபிறகு ரத்தப் பூச்சைப் பார்க்கும் பழக்கம் பல ஆய்வகங்களில் அருகிவிட்டது. கேட்டால்தான் பார்க்கிறார்கள். கேட்கும் மருத்துவரும் குறைந்துவிட்டார். என் பார்வையில், ரத்தநோய் மருத்துவத்தில் நாம் மலிவாகக் கைவிட்ட பொருள்களில் முதலிடம் இந்தக் கண்ணாடிச் சில்லுக்குத்தான்.

இந்த நோய்க்கு மருந்து கிடைத்த வரலாறு நேர்கோட்டில் போகவில்லை. லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் 1849-இல் காரணம் தெரியாத ஒரு கொடிய சோகையைப் பற்றிப் பேசினார். 1872-இல் சூரிக்கின் பியர்மர் அதற்கு 'பெர்னிஷியஸ்' என்று பெயரிட்டார். வந்தவர்கள் பிழைப்பதில்லை என்பதால் வந்த பெயர் அது. 1926-இல் பாஸ்டனின் ஜார்ஜ் மைனட்டும் வில்லியம் மர்ஃபியும் 45 நோயாளிகளுக்குத் தினமும் ஈரலை உண்ணக் கொடுத்து அவர்களைத் தேற்றிக் காட்டினார்கள். கால் கிலோ வரையில் ஈரல், பாதி வெந்தும் வேகாமலும். நோயாளிகள் எப்படித் தின்றார்கள் என்பதை நினைத்தாலே குமட்டும். ஆனால் தின்றவர்கள் எழுந்து நடந்தார்கள். மர்ஃபி நாள்தோறும் இளஞ்சிவப்பணுக்களை எண்ணிவந்தார். சிகிச்சை தொடங்கிய ஒரு வாரத்துக்குள் அவை திடீரென்று பெருகுவதை அவர்களால் காட்ட முடிந்தது. மருந்து வேலை செய்கிறதா என்று அறிய இன்றும் அதே எண்ணிக்கையைத்தான் பார்க்கிறோம். 1934-இல் விப்பிள் என்ற இன்னோர் ஆய்வாளரோடு சேர்த்து இவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஈரலில் இருப்பது என்ன, அதை நோயாளியின் உடல் ஏன் சாதாரண உணவிலிருந்து எடுத்துக்கொள்ள முடியவில்லை என்ற கேள்விகள் எஞ்சின. அதே பாஸ்டனில் வில்லியம் காசில் செய்த சோதனையை இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் அனுமதிக்காது. அரைவேக்காட்டு மாட்டிறைச்சி 300 கிராமைத் தானே தின்று, ஒரு மணிநேரம் கழித்து வாந்தியெடுத்து, அதைப் பக்குவப்படுத்திக் குழாய்வழியே நோயாளிகளுக்குச் செலுத்தினார். வெறும் இறைச்சி கொடுத்தபோது தேறாதவர்கள் இதில் தேறினார்கள். ஆரோக்கியமான இரைப்பை சுரக்கும் ஏதோ ஒன்று உணவில் உள்ள சத்தோடு சேரவேண்டும் என்பது 1929-இல் அவர் கண்ட முடிவு. 'இன்ட்ரின்சிக் ஃபேக்டர்' என்று இன்று அழைக்கப்படும் அந்தப் புரதம் இரைப்பைச் சுவரில் சுரக்கிறது. பி12-ஐப் பிடித்துக்கொண்டு சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை அழைத்துச் சென்று உள்ளே சேர்க்கிறது. இதை நினைவில் வைத்தால், இரைப்பை அறுவை செய்தவருக்கும் கடைசிச் சிறுகுடலில் காசநோய் வந்தவருக்கும் ஏன் ஒரே சோகை வருகிறது என்பது தானாக விளங்கும்.

இதே காலத்தில் இந்தியாவில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்துக்கு வந்தார். கர்ப்பிணிப் பெண்களுக்கு, அதிலும் ஏழைப் பெண்களுக்கு, வரும் கடுமையான சோகை ஏன் உண்டாகிறது என்று கண்டறிவது அவர் வேலை. சிவப்பணுக்கள் பெருத்திருந்தன, பார்வைக்கு அடிசனின் நோய்போலவே இருந்தது. ஆனால் அந்த நோயில் தெரியும் நரம்புக் கோளாறு இவர்களிடம் இல்லை. கிருமியோ என்று தேடினார், கிடைக்கவில்லை. உணவைக் கணக்கிட்டார். எலிச் சோதனைகளுக்காகக் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்கு வந்தார். ஊட்டச்சத்து ஆய்வில் பெயர்பெற்ற ராபர்ட் மக்காரிசன் அங்கே இருந்தார். பின்னர் சென்னைத் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் பணிபுரிந்தார். இன்று அது கஸ்தூரிபா காந்தி தாய்சேய் நல மருத்துவமனை. பிரிட்டனில் ரொட்டியில் தடவித் தின்னும் மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தால் அந்தக் கர்ப்பிணிகள் தேறுகிறார்கள் என்பதை 1931-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்.

வில்ஸின் உண்மையான சாதனை அடுத்த கட்டத்தில் இருக்கிறது. அதற்குள் ஈரல் சாற்றை நன்கு சுத்திகரித்து ஊசிமருந்தாக்கியிருந்தார்கள். அடிசனின் நோய்க்கு அது அருமையாக வேலை செய்தது. இந்தியக் கர்ப்பிணிகளுக்கு வேலை செய்யவில்லை. சுத்திகரிக்காத ஈரல் சாறு வேலை செய்தது. அப்படியானால் ஈரலில் இருந்தவை இரண்டு பொருள்கள். சுத்திகரித்தபோது ஒன்று வெளியே போயிருக்கிறது. நுண்ணோக்கியில் ஒரே தோற்றம் காட்டும் இரண்டு நோய்களை, எந்த மருந்துக்குத் தேறுகின்றன என்பதை வைத்து அவர் பிரித்துக் காட்டினார். அவர் சுட்டிய பொருள்தான் ஃபோலேட். 1941-இல் டெக்சாஸில் நான்கு டன் பாலக் கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள்.

அதைச் செயற்கையாக ஆக்கிய குழுவின் தலைவர் நமக்கு அறிமுகமானவராக இருந்திருக்க வேண்டியவர். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகடா சுப்பாராவ். சகோதரர்கள் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல்நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. உணவின் சத்தைக் குடல் உறிஞ்ச முடியாமல் ஃபோலேட்டும் பி12-உம் சேர்ந்தே குறையும் நோய் அது. 1945-இல் லெடர்லே ஆய்வகத்தில் அவர் குழு ஃபோலிக் அமிலத்தை உருவாக்கியது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அதை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது நோய் இன்னும் விரைவாகப் பெருகியதாக அவருக்குப் பட்டது. புற்றுச்செல்லுக்கும் ஃபோலேட் வேண்டும் என்றால், ஃபோலேட்டைத் தடுக்கும் மருந்து புற்றை அடக்கவேண்டும். சுப்பாராவின் குழு அமினாப்டெரினைச் செய்து கொடுத்தது. 1948-இல் ஃபார்பர் 16 குழந்தைகளைப் பற்றி எழுதினார். 10 பேரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அந்த மருந்தின் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட் இன்றும் மூட்டுவாதத்துக்கும் புற்றுக்கும் தரப்படுகிறது. அதை உட்கொள்பவருக்கு எம்.சி.வி. ஏறினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அதனால்தான் கூடவே ஃபோலிக் அமிலமும் எழுதுகிறார்கள்.

ஃபோலிக் அமிலம் மாத்திரையாகக் கிடைத்ததும் ஒரு விபரீதம் நடந்தது. அடிசனின் நோய் வந்தவர்களுக்கும் அதைக் கொடுத்தார்கள். ரத்தம் தேறியது; ஹீமோகுளோபின் ஏறியது; நோயாளிக்குத் தெம்பு வந்தது. ஈரல் ஊசியின் தொல்லை ஒழிந்தது என்று நினைத்தார்கள். சில மாதங்களில் அவர்களில் பலருக்குக் கால் மரத்தது, நடை தள்ளாடியது. சிலர் எழுந்து நடக்க முடியாமல் போனார்கள். 1940-களின் இறுதிக்குள் அறிக்கைகள் குவிந்தன. ரத்தம் நன்றாக இருக்கும்போதே தண்டுவடம் சிதைந்துகொண்டிருந்தது.

ஏன் அப்படி? பி12 குறைந்த உடலில் ஃபோலேட் ஒரேயடியாக இல்லாமல் போவதில்லை; மீதைல் என்ற ஒட்டுடன் பயன்படாத வடிவில் சிக்கிக்கொள்கிறது. அந்த ஒட்டைக் கழற்றும் நொதிக்குத்தான் பி12 துணை. வெளியிலிருந்து வரும் ஃபோலிக் அமிலம் அந்தப் பொறியில் விழாமல் வேறு வழியாக உள்ளே வருவதால் டி.என்.ஏ. உற்பத்தி மீண்டும் ஓடத் தொடங்கும், சிவப்பணுக்கள் பிறக்கும். ஆனால் நரம்பின் மயலின் உறையைப் பேணுவதற்கு பி12 செய்யும் வேலையை ஃபோலிக் அமிலத்தால் செய்ய முடியாது. கூடுதலாக ஒரு கேடும் இருக்கிறது: சோகை என்ற அறிவிப்பு மறைந்துவிடுவதால் யாரும் மேற்கொண்டு தேடமாட்டார்கள்.

மருத்துவமனையில் நடப்பது இதன் பலவகை மறுபதிப்புகள்தான். அறுபதைக் கடந்த ஒருவர் மாதக்கணக்காகக் களைப்பு என்று வருகிறார். நாக்கு எரிகிறது, காரம் பொறுக்கவில்லை என்கிறார். நாக்கை நீட்டச் சொன்னால் மேடுபள்ளம் மறைந்து வழுவழுவென்று சிவந்திருக்கிறது. விரல் கணுக்களின் மேல் தோல் கறுத்திருக்கிறது. நம் நிறத்தவர்களிடம் இந்தக் கறுமை நல்ல துப்பு. வெள்ளையர்களின் தோலைப் பார்த்து எழுதப்பட்ட பாடநூல்களில் இதற்கு உரிய இடம் இல்லை. கண்ணில் லேசான மஞ்சள் வேறு. அதைக் காமாலை என்று எண்ணி நாட்டு மருந்து தின்றவர்கள் உண்டு. கேட்கவேண்டிய இரண்டு கேள்விகள்: முகம் கழுவக் கண்ணை மூடும்போது தள்ளாடுகிறதா? நடக்கும்போது செருப்பு கழன்று போவது தெரியாமல் நடந்துவிடுகிறீர்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் தண்டுவடத்தின் பின்பகுதி பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். கட்டைவிரல் கணுவில் அதிர்வுக் கவையை வைத்துப் பார்த்தால் அதிர்வு தெரியவில்லை என்பார். ஐம்பது ரூபாய் மருந்துக்குக் கட்டுப்படும் நோயை இந்தக் கட்டத்தில் பிடிக்கவேண்டும். இன்னொன்றும் உண்டு: ஹீமோகுளோபினும் எம்.சி.வி.யும் இயல்பாகவே இருக்கும்போதும் பி12 குறைவால் நரம்பு கெடலாம். மறதி, எரிச்சல், சில சமயம் மனப்பிறழ்வு என்றே அது முதலில் தலைகாட்டலாம்.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு இந்த நோயின் வரலாற்றில் தனியிடம் உண்டு. 1960-களின் தொடக்கத்தில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் ஸ்ப்ரூ கொள்ளைநோய்போலப் பரவியபோது செல்வின் பேக்கரும் அவர் தோழர்களும் ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்தார்கள். 1962-இல் அங்கிருந்து லான்செட் இதழில் வந்த கட்டுரை குழந்தைகளைப் பற்றியது. தாய்ப்பால் மட்டுமே குடித்துவந்த கைக்குழந்தைகள். சிரித்துக்கொண்டிருந்தவை சிரிப்பை மறந்தன, தலை நின்றவை மீண்டும் தலையைத் தொங்கவிட்டன, கை கால்கள் தாமாக நடுங்கின, தோல் கறுத்தது. தாய்க்கு பி12 குறைவாக இருந்ததால் பாலிலும் குறைவு. தாய்க்கு வெளிப்படையான தொந்தரவு எதுவும் இல்லாமலிருக்கலாம். குழந்தைக்குச் சேமிப்பே இல்லாததால் அது முதலில் விழுந்தது. பி12 கொடுத்ததும் சில நாட்களில் குழந்தைகள் முகம் பார்க்கத் தொடங்கின. வளர்ச்சி பின்வாங்கும் குழந்தை வந்தால் ஸ்கேன் எடுப்பதற்கு முன் தாயின் உணவைக் கேட்கவேண்டும் என்பது அன்றிலிருந்து நிலைத்த பாடம். இன்றும் அதைக் கேட்காமல் விடுகிறார்கள்.

கண்டறிவதில் நம் ஊருக்கே உரிய இடையூறு ஒன்று இருக்கிறது: சத்து ஊசி. களைப்பு என்று யார் போனாலும் தெருமுனை மருத்துவமனையில் சிவப்பாக ஓர் ஊசி போடுவார்கள். பி12 மூலக்கூறின் நடுவே கோபால்ட் இருப்பதால் அந்த நிறம். அதில் பி1, பி6, பி12 மூன்றும் இருக்கும். நோயாளிக்கு அது மருந்தாகத் தோன்றாது, ஏதோ சத்து. ஊசி போட்ட ஓரிரு நாட்களில் மஜ்ஜையின் தோற்றம் மாறத் தொடங்கிவிடும். ரத்தத்தில் பி12 அளவு எகிறிவிடும். அதன்பின் பெரிய மருத்துவமனையில் பரிசோதித்தால் '2000-க்கு மேல், குறைவு இல்லை' என்று வரும். ஆகவே சீட்டில் எழுதவேண்டிய முதல் கேள்வி, கடந்த சில வாரங்களில் என்ன ஊசி போட்டீர்கள் என்பது. ரத்தம் ஏற்றுவதற்கு முன், ஊசி போடுவதற்கு முன், மாதிரியை எடுத்து வைத்துவிட வேண்டும். பிறகு எடுத்தால் பாதி சாட்சியம் அழிந்துவிட்டிருக்கும்.

பி12 அளவை அளக்கும் சோதனையையும் கண்மூடி நம்ப முடியாது. மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு என்று பொதுவாகக் கொள்கிறார்கள். 200-க்கும் 300-க்கும் நடுவே இருப்பவர் எந்தப் பக்கம் என்பது தெளிவில்லை. அளவு சற்றுக் கீழே இருந்தும் எந்தப் பாதிப்பும் இல்லாதவர்கள் உண்டு. அளவு சரியாகக் காட்டியும் செல்லுக்குள் பற்றாக்குறை இருப்பவர்களும் உண்டு. ஐயம் எழும்போது மீதைல்மலோனிக் அமிலத்தையும் ஹோமோசிஸ்டீனையும் அளக்கலாம். இரண்டும் ஏறியிருந்தால் பி12 குறைவு. ஹோமோசிஸ்டீன் மட்டும் ஏறியிருந்தால் ஃபோலேட் பக்கம் சாயலாம். மாவட்டத் தலைநகரங்களில் இந்தச் சோதனைகள் எளிதில் கிடைப்பதில்லை. அங்கே வில்ஸின் வழியே கைகொடுக்கிறது: ஊகித்த மருந்தை மட்டும் கொடுத்து, ஒரு வாரத்தில் இளஞ்சிவப்பணு எகிறுகிறதா என்று பார்ப்பது.

இரும்பும் சேர்ந்து குறைந்திருந்தால் இன்னொரு குழப்பம். ஒன்று சிவப்பணுவைச் சிறியதாக்கும், மற்றது பெரியதாக்கும். சராசரி எடுத்தால் எம்.சி.வி. 88 என்று அப்பாவித்தனமாக வந்து நிற்கும். தாளை மட்டும் படிப்பவர் இதில் ஏமாறுவார். பருமன் எவ்வளவு பரந்து கிடக்கிறது என்று காட்டும் ஆர்.டி.டபிள்யூ. என்ற எண் ஏறியிருப்பதைக் கவனித்தால் சந்தேகம் வரும். ரத்தப் பூச்சைப் பார்த்தால் சிறுசும் பெருசுமாக இரண்டு கூட்டங்கள் தெரியும்.

நோயாளியின் குடும்பத்தை அதிகம் கலங்கடிக்கும் குழப்பம் வேறு. மெகலோபிளாஸ்டிக் சோகை முற்றும்போது சிவப்பணு மட்டுமின்றி வெள்ளையணுவும் தட்டணுவும் குறையும். மூன்றும் குறைந்த அறிக்கையைப் பார்த்ததும் ரத்தப் புற்றோ, மஜ்ஜை வறண்டுவிட்டதோ என்ற பேச்சு எழும். மஜ்ஜையைக் குத்தி எடுத்துப் பார்த்தால், இளம் செல்கள் நிரம்பி வழியும் காட்சி, அனுபவம் குறைந்த கண்ணுக்குப் புற்றுபோலவே தெரியக்கூடும். எல்.டி.எச். என்ற நொதி பல மடங்கு ஏறியிருப்பதும் அந்த அச்சத்துக்குத் தூபம் போடும். மஜ்ஜைக்குள்ளேயே செல்கள் செத்துக் குவிவதால் அது ஏறுகிறது. அணுக்கள் மூன்றும் குறைந்த ஒவ்வொருவருக்கும் மஜ்ஜை ஊசிக்கு முன்னால் பி12 பார்ப்பது, ரத்தநோய் மருத்துவர்கள் இளையவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லும் பாடம். புற்று என்று அழுதுகொண்டு வந்தவர்களை ஒரு பெட்டி ஊசியோடு அனுப்பிவைக்கும் வாய்ப்பு இந்தத் துறையில் அடிக்கடி கிடைப்பதில்லை.

குறைவு என்று தெரிந்தபின் ஏன் குறைந்தது என்ற கேள்வி. பி12-ஐச் செடிகள் செய்வதில்லை, நுண்ணுயிர்கள்தான் செய்கின்றன. இறைச்சி, மீன், முட்டை, பால் வழியாகவே நமக்கு வருகிறது. பால்கூட எடுத்துக்கொள்ளாத சைவருக்குக் குறைவு ஏற்படுவது எதிர்பார்க்கத்தக்கது. பால் மிகக் குறைவாக வாங்க முடிந்த ஏழைக்கும் அதே கதி. பழைய சோறு, ஸ்பைருலினா என்று சமூக ஊடகங்களில் சுற்றும் பட்டியல்களை இதற்கு நம்பக்கூடாது. ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடல் பயன்படுத்த முடியாத போலி வடிவம். அசைவம் உண்பவருக்கும் குறைந்தால் இரைப்பையையும் குடலையும் பார்க்கவேண்டும். சர்க்கரைக்கு ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுப்பவர், நெஞ்செரிச்சலுக்கு நாள்தோறும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போடுபவர் இருவரும் இந்தப் பட்டியலில் இப்போது முன்னே வந்திருக்கிறார்கள். சர்க்கரை நோயாளிக்குக் கால் மரத்தால் 'சர்க்கரையால்தான்' என்று சொல்லிவிடுவது எளிது. அவர் விழுங்கும் மாத்திரையால் பி12 குறைந்து மரத்திருக்கவும் கூடும். ஃபோலேட் கதை வேறு. உடலில் அதன் சேமிப்பு நான்கு மாதத்துக்குத்தான் தாங்கும், பி12 ஆண்டுக்கணக்கில் தாங்கும். கீரையை நீண்டநேரம் வேகவைத்து நீரை வடித்தால் ஃபோலேட் போய்விடும். கர்ப்பம், மது, வலிப்பு மருந்துகள், சிவப்பணு சிதையும் நோய்கள் ஆகியவை அதை வேகமாகத் தீர்த்துவிடும்.

சிகிச்சையில் ஒரு முறை கண்டிப்பானது: பி12 குறைவு இல்லை என்று உறுதியாகும்வரை ஃபோலிக் அமிலத்தைத் தனியாகக் கொடுக்கக்கூடாது, இரண்டும் வேண்டுமென்றால் பி12 முந்தவேண்டும். 1000 மைக்ரோகிராம் ஊசியை முதலில் அடுத்தடுத்தும், பிறகு வாரத்துக்கு ஒன்றாகவும், பிறகு மாதத்துக்கு ஒன்றாகவும் போடுவது வழக்கம். நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் அடுத்தடுத்த ஊசிகளை நீட்டிக்கவேண்டும். இன்ட்ரின்சிக் ஃபேக்டரே இல்லாதபோதும் விழுங்கிய பி12-இல் சுமார் நூறில் ஒரு பங்கு தானாக உள்ளே போகும்; ஆகவே பெரிய அளவு மாத்திரையும் பலருக்குப் போதும். ஊசிதான் மருந்து என்ற நம் நம்பிக்கை இதை ஏற்க மறுக்கிறது.

ஹீமோகுளோபின் 3 அல்லது 4 என்று வருபவரைப் பார்த்து அவசரப்பட்டு இரண்டு மூன்று யூனிட் ரத்தம் ஏற்றுவது ஆபத்து. மாதக்கணக்கில் மெல்லக் குறைந்ததால் உடல் அதற்குப் பழகியிருக்கிறது. நீரளவு ஏற்கெனவே கூடியிருக்கிறது. மேலும் ஊற்றினால் இதயம் தாங்காமல் நுரையீரலில் நீர் கோக்கும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இல்லாவிட்டால் பெரும்பாலும் ரத்தமே வேண்டாம். ஏற்றியே ஆகவேண்டுமென்றால் ஒரு யூனிட்டை மெதுவாக, நீரை வெளியேற்றும் மருந்தின் துணையோடு. ஊசி போட்ட ஓரிரு நாளில் நோயாளி 'பசிக்குது' என்பார். எண்கள் மாறும் முன்பே முகம் மாறும். மூன்று நான்கு நாளில் இளஞ்சிவப்பணு ஏறத் தொடங்கி ஒரு வாரத்தில் உச்சத்துக்குப் போகும். புதிய செல்கள் பொட்டாசியத்தை இழுத்துக்கொள்வதால் ரத்தத்தில் அது சரியலாம். கடுமையான சோகை உள்ளவர்களிடம் முதல் சில நாட்கள் அதைக் கண்காணிக்கவேண்டும். சில வாரங்களில் ஏற்றம் பாதியில் நின்றுவிட்டால், மறைந்திருந்த இரும்புக் குறைவு இப்போது வெளியே வந்திருக்கிறது என்று பொருள். அந்தக் கட்டத்தில் இரும்பு மாத்திரைக்கு இடம் உண்டு.

அரசுத் திட்டத்தின் மாத்திரைகளில் இரும்போடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் இருக்கிறது, பி12 இல்லை. இதைச் சொன்னவுடன் மாத்திரையே வேண்டாம் என்று கிளம்புபவர்கள் உண்டு. அது பெரும் தவறு. கருவுற்ற ஆரம்ப வாரங்களில் ஃபோலிக் அமிலம் குழந்தையின் முதுகெலும்பு மூடாமல் போகும் குறையைத் தடுக்கிறது. ஏற்கெனவே அத்தகைய குழந்தை பெற்ற தாய்மார்களிடம் நடந்த 1991 பிரிட்டிஷ் சோதனையில் அது 72 விழுக்காடு குறைந்தது. நரம்புக் கேட்டை மறைத்ததாகப் பதிவான நிகழ்வுகளும் பெரும்பாலும் நாளுக்கு 5 மில்லிகிராம் அளவில்தான். சிக்கல், அந்த 5 மில்லிகிராம் மாத்திரை நம் மருந்தகங்களில் மிட்டாய்போலக் கிடைப்பதிலும், யோசிக்காமல் எழுதப்படுவதிலும் இருக்கிறது. ஆனால் பி12 குறைந்த நாட்டில் ஃபோலேட்டை மட்டும் கூட்டிக்கொண்டே போவதற்கு வேறு விலையும் இருக்கலாம். புனேயில் யாஜ்னிக் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பகாலத்தில் ஃபோலேட் அதிகமாகவும் பி12 குறைவாகவும் இருந்த தாய்மார்களின் குழந்தைகளிடம் ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு மற்றவர்களைவிட மிகுந்திருந்தது. ஒரே ஆய்வு கொள்கையைத் தீர்மானிக்க முடியாது. கொள்கை வகுப்பவர்கள் படிக்காமல் விடவும் கூடாது.

ரேஷன் கடைகளுக்கு வந்த செறிவூட்டிய அரிசியில் பி12-உம் சேர்க்கப்படுகிறது. 'பிளாஸ்டிக் அரிசி' என்று சந்தேகப்பட்டு பல வீடுகளில் பொறுக்கி எறிந்த மணிகளில்தான் அது இருந்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அளவுப்படி ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 1 மைக்ரோகிராம். நாளுக்கு 300 கிராம் அரிசி உண்பவருக்கு அதில் 0.3 கிடைக்கும், தேவையோ 2 முதல் 2.5 வரை. கொஞ்சம் குறைந்திருப்பவரை அது தாங்கலாம். ஏற்கெனவே சேமிப்பு தீர்ந்தவருக்கோ, இரைப்பை சுரக்காதவருக்கோ அது எட்டாது. அவர் மருத்துவரிடம் வந்தே ஆகவேண்டும்.

வந்து, தேறி, வீட்டுக்குப் போனவரிடம்தான் சிகிச்சை அதிகம் தோற்கிறது. இரண்டு மாதத்தில் உடம்பு நன்றாகிவிடும், ஊசியை நிறுத்திவிடுவார். நிரப்பிய சேமிப்பு ஓரிரு ஆண்டுகளோ அதற்கு மேலோ தாங்கும். மீண்டும் கால் மரக்கும்போது வேறு ஊர், வேறு மருத்துவர், பழைய சீட்டு கிடையாது. புதியவர் பார்ப்பது லேசான சோகையும், நடுவில் எங்கோ போட்ட சத்து ஊசியால் ஏறிய பி12 எண்ணும்தான். அதனால் வீட்டுக்கு அனுப்பும்போது தரும் குறிப்பில் 'ரத்த சோகை, தேறினார்' என்று எழுதுவது போதாது. சிகிச்சைக்கு முன் எம்.சி.வி. எவ்வளவு, பி12 எவ்வளவு, காரணம் உணவா, மாத்திரையா, இரைப்பையா, குடலா, எவ்வளவு காலம் தொடரவேண்டும் என்ற நான்கு விவரங்களும் அதில் இருக்கவேண்டும். காரணம் உணவென்றால் மாற்றிக்கொண்டு நிறுத்தலாம். மெட்ஃபார்மின் என்றால் அதை எடுக்கும்வரை ஆண்டுக்கொருமுறை சோதிக்கவேண்டும். இரைப்பையோ கடைசிச் சிறுகுடலோ போய்விட்டதென்றால் ஆயுள்வரை.